நாட்டு அத்தியைப் பற்றி எழுதினால் நாட்டு அத்தியின் படத்தையே போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் அத்தி மரத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆல், அரசு, இத்தியோடு சேர்த்து நாற்பாமரங்களில் ஒன்று, ஆற்றங்கரைகளில் தானாக வளரும், பறவைகளுக்கு உணவு என்று எழுதியிருந்தது எல்லாம் சரி. ஆனால் கூடவே போட்டிருந்த படத்தில் இலை கைவிரல்களை விரித்து வைத்த மாதிரி பிளவுபட்டு இருக்கிறது, காய் இலைக்காம்பின் அடியில் ஒற்றையாகக் காய்த்திருக்கிறது. அது சீமை அத்தி. கட்டுரையின் கீழே கட்டம் கட்டிப் போட்டிருந்த சத்து அளவுகளும் கடையில் மாலையாகக் கோத்து விற்கும் உலர்ந்த சீமை அத்திப்பழத்துடையவை. கட்டுரை ஒரு மரத்தைப் பற்றி, படமும் கணக்கும் இன்னொரு மரத்தைப் பற்றி. இதைத் திருத்தச் சொல்லித்தான் எழுத ஆரம்பித்தேன், ஆனால் இரண்டு வரியில் முடிகிற விஷயமாக இது இல்லை. கொஞ்சம் இடம் கொடுங்கள்.

இது பெரிய தவறா என்று கேட்கலாம். பெரிய தவறுதான். உங்கள் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு நர்சரிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், மரம் நடும் குழுக்களின் வாட்ஸ்அப்பில் அந்தப் படம் ஒரே நாளில் சுற்றி வந்துவிடுகிறது. 'நாட்டு அத்தி' என்று சீட்டு ஒட்டிய பையில் சீமை அத்திக் கன்றை வாங்கிக் குளக்கரையில் நட்டுவிட்டு வருகிறார்கள். அந்தக் கன்று நல்ல வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் கேட்கிற தோட்டப் பயிர், குளக்கரையில் மழைக்காலத்தில் வேர் அழுகிப் போய்விடும். அதே நேரத்தில் நூறடி தள்ளி வாய்க்கால் ஓரத்தில் தானாக முளைத்து ஆள் உயரம் வந்திருக்கும் உண்மையான அத்தியை, ஏதோ காட்டுச்செடி என்று தூர்வாரும் இயந்திரம் பிடுங்கிப் போடும், யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள், ஏனென்றால் அது படத்தில் பார்த்த மாதிரி இல்லை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் இலையைப் பார்க்காதீர்கள், அடிமரத்தைப் பாருங்கள். நம் அத்தி, தாவரவியலில் ஃபைகஸ் ரெசிமோசா, காயை மரத்தின் உடம்பிலேயே காய்க்கும். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் தொடங்கி, அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும், இலையே இல்லாத குட்டையான முண்டுக் குச்சிகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பச்சையாக இருந்து, பழுக்கும்போது ஆரஞ்சும் சிவப்புமாக மாறும், பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். நுனிக்கிளையில் இலைக்கு நடுவே தேடினால் ஒன்றும் கிடைக்காது. காய் இல்லாத காலத்திலும் இந்த அடையாளம் போய்விடுவதில்லை. வருடக்கணக்கில் அதே இடத்தில் காய்த்துக் காய்த்து அடிமரத்தில் முடிச்சு முடிச்சாக முண்டுகள் தங்கிவிடும், அவற்றில் பழைய காம்புகள் ஒடிந்த தழும்பு தெரியும். அந்த முண்டுகளைத் தடவிப் பார்த்தவர்களுக்கு எந்த மாதத்திலும் அத்தி தெரிந்துவிடும்.

அப்புறம் விழுது. அத்திக்கு ஆல் மாதிரி விழுது தொங்காது. அடிமரம் சாம்பலும் வெளிர்பழுப்பும் கலந்த நிறத்தில் ஓரளவு வழவழப்பாக இருக்கும், வயதான மரத்தில் மெல்லிய செதிலாக உரியும், அடிப்பகுதி பக்கவாட்டில் பலகை மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். நிழலில் பார்த்தால் வெள்ளையடித்த மாதிரி இருக்கும். குறுந்தொகையின் 24ஆம் பாட்டில் பரணர் 'ஆற்றயல் எழுந்த வெண்கோட்டு அதவத்து' என்று பாடுகிறார். அதவம் என்றது அத்தியைத்தான். ஆற்றின் பக்கத்தில் முளைத்தது, கிளை வெண்மையானது, கீழே விழுந்த பழத்தை ஏழு நண்டுகள் மிதிக்கின்றன. வளரும் இடம், பட்டையின் நிறம், பழம் தானாக உதிர்ந்து குழைகிற அளவுக்கு மென்மையானது என்று மூன்று அடையாளத்தையும் அவர் சொல்லிவிட்டார். இன்றைக்கும் ஒரு களக்கையேட்டில் அப்படியே போட்டுக்கொள்ளலாம்.

இலைக்கு இப்போது வருகிறேன். நீளமான முட்டை வடிவம், நுனி மெல்லக் கூராகும், விளிம்பில் பல் கிடையாது, பிளவு கிடையாது, முற்றிய இலை இரண்டு பக்கமும் சொரசொரப்பில்லாமல் இருக்கும். ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி மாற்றி அமையும். கிளையின் நுனியில் இளந்தளிரை மூடிக்கொண்டு கூரான ஒரு உறை இருக்கும், இலை விரிந்ததும் அது உதிர்ந்து கிளையைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி ஒரு வளையத் தழும்பை விட்டுவிடும். இந்த வளையமும், ஒடித்தால் வரும் வெள்ளைப் பாலும் ஆல், அரசு, இத்தி, அத்தி எல்லாவற்றுக்கும் பொது. ஆகவே பாலையும் வளையத்தையும் பார்த்து 'இது அத்திக் குடும்பம்' என்று சொல்லலாம், 'இது அத்தி' என்று முடிவு கட்ட முடியாது.

நிறையப் பேர் கவனிக்காத ஒன்று இலையில் இருக்கிறது. அத்தி இலைகளில் பல நேரம் பட்டாணி அளவிலோ அதைவிடச் சிறிதாகவோ கொப்புளங்கள் இருக்கும், சில பச்சை, சில செம்பழுப்பு. சில மரங்களில் ஒரு இலைகூட மிச்சமில்லாமல் எல்லாவற்றிலும் கொப்புளம் இருக்கும். இதைப் பார்த்து மரத்துக்கு நோய் வந்துவிட்டது என்று மருந்தடிக்கக் கிளம்புகிறவர்கள் உண்டு. அது ஒரு சின்னஞ்சிறு சாறுண்ணிப் பூச்சி தன் குஞ்சுக்காக இலையை வீங்கவைத்துக் கட்டிக்கொண்ட அறை. மரம் அதோடு பல காலம் வாழ்ந்து பழகியது, அதனால் சாவதில்லை. தூரத்தில் நின்று பார்க்கும்போது கொப்புளம் நிறைந்த இலையும் கொத்துக் காயும் சேர்ந்து தெரிந்தால் பக்கத்தில் போகாமலே பெயரைச் சொல்லிவிடலாம்.

எதோடு குழப்பிக்கொள்வார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் குழப்பம் பேயத்தி, ஃபைகஸ் ஹிஸ்பிடா. இதுவும் நம் மண்ணின் மரம்தான், இதுவும் அடிமரத்தில் காய்க்கும், ஓடைக்கரையிலும் புறம்போக்கிலும் இதையும் பார்க்கலாம். ஆனால் அதன் இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும், இலைகள் பெரும்பாலும் எதிரெதிராக ஜோடியாக வரும். அத்திக் குடும்பத்தில் இலை எதிரெதிராக அமைவது அபூர்வம், அதனால் அது ஒன்றே போதும். காய் மயிர் போர்த்து, பழுத்தாலும் மஞ்சள் கலந்த பச்சையில் நிற்கும், இலையில்லாத நீண்ட கொடி போன்ற குச்சிகளில் தரையைத் தொடும் அளவுக்குத் தொங்கும். இளங்கிளையை ஒடித்துப் பார்த்தால் உள்ளே பொந்தாக இருக்கும். இன்னொன்று, நர்சரிகளில் இப்போது பிரபலமாகியிருக்கும் பெரிய வட்ட இலை அத்தி. அதுவும் அடிமரத்தில் குலை குலையாகக் காய்க்கிறது என்பதால் நாட்டு அத்தி என்றே விற்கிறார்கள். அது இமயமலை அடிவாரத்தில் தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை வளரும் ஃபைகஸ் ஆரிக்குலேட்டா, இலை முறம் அளவுக்கு இருக்கும். வீட்டுத் தோட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. நம் ஆற்றங்கரைக்கு அது வேண்டாம்.

ஆலும் அரசும் யாருக்கும் தெரியும். இத்தி, இச்சி, கல்லிச்சி என்று ஊருக்கு ஊர் வேறு வேறு மரத்தைக் கைகாட்டுவார்கள், அதைப் பிரித்துச் சொல்லத் தனிக் கடிதம் வேண்டும். இங்கே ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: அவை எல்லாம் காயை நுனிக்கிளையில் இலைக்கணுக்களில் காய்க்கிறவை, பனை மீதோ பாறை இடுக்கிலோ மதிலிலோ முளைத்து வளரக்கூடியவை. அத்தி பெரும்பாலும் தரையில் முளைத்துத் தன் காலில் நிற்கிற மரம். கட்டடத்தைப் பிளந்துவிடும் என்ற பயத்தில் அத்தியை வெட்டுகிறவர்கள் அரச மரத்தின் பழியை அத்தி மேல் போடுகிறார்கள். அதற்காக வீட்டுச் சுவரை ஒட்டி வைக்கச் சொல்லவில்லை, பெரிய மரம், வேரும் பெரிது, இடம் விட்டுத்தான் வைக்க வேண்டும்.

அத்தி தண்ணீரோடு சேர்ந்த மரம். அதன் கட்டை லேசானது, வெளியில் கிடந்தால் சீக்கிரம் உளுத்துவிடும், மேசை நாற்காலிக்கு யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் தண்ணீருக்குள் கிடந்தால் நன்றாகத் தாங்கும், அதனால்தான் முன்பு கிணற்றுக்கு உள்ளே சட்டம் போட இதைப் பயன்படுத்தினார்கள். காஞ்சிபுரத்தில் அத்தி வரதரை 40 ஆண்டுக்கு ஒருமுறை அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே எடுக்கிறார்கள். 1979க்குப் பிறகு 2019 ஜூலை 1 முதல் 48 நாள் தரிசனம் நடந்தது, உங்கள் நாளிதழும் தினமும் பக்கம் பக்கமாக எழுதியது. அத்தி மரத்தில் செய்த திருமேனி, தண்ணீருக்குள் வாசம் என்ற இரண்டும் இந்த மரத்தின் குணத்தோடு எவ்வளவு பொருந்திப் போகிறது பாருங்கள். அந்த 48 நாளில் லட்சக்கணக்கானவர்கள் அத்தி என்ற பெயரைச் சொன்னார்கள். மரம் எப்படி இருக்கும் என்று ஒரு படம் போட்டிருந்தால் அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உங்கள் கட்டுரையில் 'அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு' என்ற பழமொழியைச் சொல்லி, நன்றாகக் கழுவி, புழு இல்லாததாகப் பார்த்துச் சாப்பிட வேண்டும் என்று முடித்திருந்தார்கள். புழு என்று அவர்கள் தள்ளிவிட்டுப் போன அந்தப் பூச்சி இல்லாவிட்டால் நாட்டு அத்தி விதையே வைக்காது, கொஞ்ச காலத்தில் மரமே இருக்காது. மரத்தைப் புரிந்துகொள்வது என்றால் இதைப் புரிந்துகொள்வதுதான்.

நாம் காய் என்று சொல்வது உண்மையில் ஒரு பூங்கொத்து, உட்புறமாகத் திரும்பிய பூங்கொத்து. ஒரு பச்சைக்காயைக் கத்தியால் இரண்டாக நறுக்குங்கள். சுவரின் உட்பக்கம் முழுக்க, ஒன்றோடொன்று நெருக்கி, ஆயிரக்கணக்கில் மயிரிழை மாதிரி பூக்கள். காம்புக்கு எதிர்முனையில் சின்னதாக ஒரு கண், அதைச் சுற்றிச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடைத்துக்கொண்டிருக்கும். அதுதான் வாசல். பூ தயாரானதும் காய் ஒரு வாசனையை விடுகிறது, அந்த வாசனைக்கு வருவது ஒரே ஒரு இனக் குளவி, செரடோசோலன் ஃபியூசிசெப்ஸ், நீளம் இரண்டு மில்லிமீட்டர் அளவுதான். கொட்டாது, நம் கண்ணுக்கு ஏதோ கொசுக்குஞ்சு மாதிரிதான் தெரியும். பெண் குளவி அந்தச் செதில்களுக்கு நடுவே தலையை நுழைத்துத் தன்னைத் திணித்துக்கொண்டு உள்ளே போகும். போகும்போதே இறக்கை பிய்ந்துவிடும், உணர்கொம்பும் பல நேரம் ஒடிந்துவிடும். வாசலில் அந்தக் கண்ணாடி இறக்கைகள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கைலென்ஸ் வைத்துப் பார்க்கலாம். திரும்பி வர வழியில்லை. உள்ளே இருட்டில் பூக்கள் மேல் நடந்து, பிறந்த காயிலிருந்து சுமந்து வந்த மகரந்தத்தைத் தூவும், சில பூக்களில் முட்டையிடும், அங்கேயே சாகும்.

முட்டையிட்ட பூ வீங்கிக் குளவிக்குஞ்சுக்கு அறையாகும். முட்டை படாமல் மகரந்தம் மட்டும் பட்ட பூ விதையாகும். சூல்தண்டு, அதாவது பூவில் விதையாகும் சூலுக்கு மேலே நிற்கும் தண்டு, குட்டையான பூக்களில்தான் குளவியின் முட்டையிடும் ஊசிக்குச் சூல் வரை எளிதாக எட்டும், நீண்ட தண்டுள்ளவை பெரும்பாலும் தப்பித்து விதையாகின்றன. இப்படி ஒரே காய்க்குள் பாதி மரத்துக்கு, பாதி குளவிக்கு. சில வாரம் கழித்து ஆண் குளவிகள் முதலில் வெளிவரும். அவற்றுக்கு இறக்கையே கிடையாது. பெண் குளவிகள் இன்னும் அறைக்குள் இருக்கும்போதே அவற்றோடு கூடிவிட்டு, எல்லாம் சேர்ந்து காயின் சுவரைக் கடித்துக் குடைந்து ஒரு சுரங்கம் போடும். அந்த நேரத்தில்தான் காய்க்குள் இருக்கும் ஆண் பூக்கள் மகரந்தம் கொட்டும். பெண் குளவிகள் அதை அள்ளி உடம்பிலுள்ள பைகளில் நிரப்பிக்கொண்டு, ஆண்கள் போட்ட வழியாக வெளியே பறந்துவிடும். ஆண் குளவிகளின் வேலை அதோடு முடிந்தது, உள்ளேயோ வாசலிலோ சாகும். பெண் குளவிகள் போன பிறகுதான் காய் சிவந்து இளகி இனிக்கத் தொடங்குகிறது. நாம் பழத்தைப் பிட்டுப் பார்த்துப் புழு என்று முகம் சுளிப்பது பெரும்பாலும் இந்த இறக்கையில்லாத ஆண்களின் உடல்கள்தான். தரையில் விழுந்து கிடந்த பழத்தில் வண்டும் ஈயும் வைத்த வேறு புழுக்களும் இருக்கும், அதைச் சாப்பிட வேண்டாம் என்பது நியாயம். சீமை அத்தியில் தோட்டங்களில் பரவலாக வைக்கும் பூனா, பிரவுன் டர்க்கி போன்ற ரகங்களுக்குக் குளவியே தேவையில்லை, மகரந்தம் இல்லாமலே பழுக்கும். அந்த மரத்தின் கதையை இந்த மரத்துக்குச் சொல்லக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உள்ளே போகாமல் வெளியே நின்றே காரியத்தை முடிக்கும் குளவிகளும் உண்டு. அத்திக்காயின் மேல் காலையில் உற்றுப் பார்த்தால், உடம்பைவிட நீளமான நூல் போன்ற ஊசியைக் காயின் தோலில் செங்குத்தாக இறக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும் குளவிகளைக் காணலாம். இவை மகரந்தம் கொண்டு வருவதில்லை. சில, பூக்களில் தன் முட்டையை வைக்கும், சில, ஏற்கனவே உள்ளே வளரும் குஞ்சின் மேலேயே வைக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இந்த மரத்தையும் இதன் குளவிகளையும் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அங்கே 2014இல் வெளியான ஓர் ஆய்வில், அத்திக்காயைத் துளைக்கும் ஒரு குளவியின் ஊசி முனையில் பற்கள் இருப்பதையும், அந்த முனையில் துத்தநாகம் சேர்ந்து உறுதியாகியிருப்பதையும் காட்டினார்கள். தலைமயிரை விட மெல்லிய ஊசி, கெட்டியான பச்சைக்காயை மடங்காமல் துளைக்கிறது. இந்தக் குளவிகளைப் பிடிக்கச் செவ்வெறும்பு மரத்தில் காவல் சுற்றும். ஒரு அத்திக் கொத்துக்கு முன்னால் பத்து நிமிடம் பொறுமையாக நின்றால் இவ்வளவும் கண் முன்னால் நடக்கும், இதற்குக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை.

பெண் குளவியின் ஆயுளைக் கேளுங்கள். காயை விட்டு வெளியே வந்த பிறகு அதற்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான். அதற்குள் வாசல் திறந்த பதத்தில் காய் உள்ள இன்னொரு அத்தியைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஒரு மரத்தில் காய்கள் பெரும்பாலும் ஒன்றாகவே பருவம் கொள்ளும், ஆகவே பிறந்த மரத்தில் அதற்கு இடமிருக்காது. வேறொரு மரம், வேறொரு பருவத்தில், எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காற்று இந்தச் சின்ன உயிரை நெடுந்தூரம் கொண்டுபோகும் என்பது உண்மை. விவிலியத்தில் சகேயு ஏறி நின்றதாகச் சொல்லும் காட்டத்தி, நம் அத்திக்கு நெருங்கிய ஆப்பிரிக்க உறவு. அந்த மரத்தை நமீபியாவின் பாலைவனத்தில் ஆராய்ந்து, 160 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மரத்துக்குக் குளவி மகரந்தம் கொண்டுபோனதை 2009இல் எழுதினார்கள். ஆனால் காற்று கொண்டுபோய் இறக்கும் இடத்தில் மரம் இருந்தால்தானே. வருடத்தின் எந்த வாரத்திலும், ஒரு வட்டாரத்தில் ஏதாவது ஒரு அத்தியில் காய் அந்தப் பதத்தில் இருந்தால்தான் குளவியின் சங்கிலி அறாமல் போகும். பத்து மரம் இருந்த வாய்க்கால் கரையில் எட்டை வெட்டிவிட்டு இரண்டை விட்டுவைத்தோமே என்று சொல்வதில் அர்த்தமில்லை. அந்த இரண்டுக்கும் குளவி வராத நாள் வரும், குளவி வராத காய் பழுக்காமல் பிஞ்சாகவே உதிரும்.

பழுக்காவிட்டால் யாருக்கு நட்டம் என்றால், பட்டியல் பெரிது. குக்குறுவான், குயில், மைனா, கொண்டைக்குருவி, பச்சைப்புறா, இரவில் பழந்தின்னி வௌவால், மரநாய், அணில், குரங்கு, கீழே விழுந்ததற்கு மான், ஆற்றில் விழுந்ததற்கு மீன். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருவாச்சிகளும் சோலைமந்திகளும் அத்தி இனப் பழங்களை நம்பி இருக்கின்றன. மற்ற மரங்கள் வருடத்தில் ஒரு பருவத்தில் பழுத்து ஓய்ந்துவிடும். அத்தி வருடத்துக்குப் பலமுறை காய்க்கும், மரத்துக்கு மரம் மாதமும் மாறும். வேறெதுவும் கிடைக்காத கோடையில் இது ஒன்று பழுத்து நிற்பதுதான் அதன் மதிப்பு. தின்ற பறவையும் வௌவாலும் வேறு இடத்தில் போடும் எச்சத்திலிருந்து அடுத்த அத்தி முளைக்கிறது, ஆற்றோரத்து ஈரமண் கிடைத்தால் வேகமாக வளரும்.

பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தை அரசு 2022 செப்டம்பரில் தொடங்கியது, மாநிலத்தின் வனம் மற்றும் மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவது நோக்கம் என்றார்கள். நல்ல நோக்கம். நடப்படும் கன்றுகளில் நாட்டு மரங்கள் வேண்டும் என்றும் இப்போது பலர் கேட்கிறார்கள். இந்த வேளையில்தான் சரியான அடையாளம் தேவைப்படுகிறது. அத்தி நட விரும்புகிறவர்கள் பக்கத்து ஆற்றங்கரையில் அடிமரத்தில் காய்த்து நிற்கும் மரத்தைத் தேடி, நன்றாகப் பழுத்த பழத்திலிருந்து விதையெடுத்து நாற்றுவிடலாம், அல்லது போத்து வெட்டி நடலாம். போத்து எடுப்பதாக இருந்தால் ஒரே மரத்தில் இருந்து எல்லாவற்றையும் எடுக்காமல் நாலைந்து மரங்களில் இருந்து எடுங்கள், ஒரே மரத்தின் நகல்களால் கரையை நிரப்பிவிடக் கூடாது. பேருந்து நிறுத்தத்துக்கு மேலும் கார் நிறுத்துமிடத்துக்கு மேலும் வேண்டாம், பழம் கொட்டிக் குழைந்து வழுக்கும், ஈ மொய்க்கும், அடுத்த மாதமே யாராவது வெட்டச் சொல்லி மனு கொடுப்பார்கள். குளம், ஏரி, வாய்க்கால், ஓடை, இவற்றின் ஓரங்கள்தான் அதன் இடம். ஆனால் புதிதாக நூறு கன்று நடுவதற்கு முன்னால் ஏற்கனவே நிற்கும் மரங்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் என்றுதான் நான் சொல்வேன். தூர்வாரும் பணிக்கு ஒப்பந்தம் விடும்போது, கரையில் உள்ள அத்திகளில் வெள்ளை வளையம் அடித்து, இதைத் தொடாதே என்று இயந்திரம் ஓட்டுகிறவருக்குக் காட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அவர் வேண்டுமென்று பிடுங்குவதில்லை, அவருக்கு யாரும் சொல்வதில்லை.

மருந்து விஷயத்திலும் ஒரு வார்த்தை. உலர்ந்த சீமை அத்தி நூறு கிராமில் சுமார் 160 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, நார்ச்சத்து பத்து கிராம் அளவுக்கு இருக்கிறது என்பதெல்லாம் சரிதான். அந்த எண்ணை எடுத்து ஆற்றங்கரை அத்திப்பழத்துக்குப் போடுவது எந்த வகையில் சரி? நாட்டு அத்தியின் பட்டை, பிஞ்சு, பால் எல்லாம் சித்த மருத்துவத்தில் உண்டு, அதற்கு முறையும் அளவும் உண்டு, படித்த மருத்துவர் சொல்லட்டும். அத்தி இனங்களின் பால் சிலருக்குத் தோலில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். படத்தில் ஒரு மரம், எழுத்தில் ஒரு மரம் என்று இருக்கும் கட்டுரையை நம்பி, தெரியாத மரத்தின் பாலை எடுத்துக் குழந்தையின் தோலில் தடவுகிறவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, என் கோரிக்கைகள் இவை. அடுத்த ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அதே அளவில், அடிமரத்தில் கொத்தாகக் காய்த்து நிற்கும் நாட்டு அத்தியின் படம் ஒன்றைப் போட்டு, முன்பு வந்தது சீமை அத்தி என்று ஒரு வரி எழுதுங்கள். முடிந்தால் பக்கத்திலேயே பேயத்தியின் படத்தையும் போடுங்கள், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வித்தியாசம் மனதில் நிற்கும். சத்து அட்டவணை எந்தப் பழத்துடையது என்பதையும் குறிப்பிடுங்கள். இனிமேல் மரங்களைப் பற்றிய கட்டுரைகளுக்கு இணையத்தில் முதலில் கிடைக்கும் படத்தை எடுக்காமல், தாவரவியல் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். பல மாவட்டங்களில் தாவரவியல் துறை உள்ள கல்லூரிகள் இருக்கின்றன, கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல அலுவலகமும் செடிகொடிகளை உலர்த்திப் பெயரிட்டுச் சேர்த்து வைத்திருக்கும் அதன் உலர்தாவரகமும் இருக்கின்றன. ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற வேலை. படம் கிடைக்கவில்லை என்றால் எனக்குத் தெரிவியுங்கள், அடிமரம், இலை, வெட்டிய காய், வாசலில் ஒட்டிய குளவி இறக்கை என்று எல்லாம் என்னிடம் இருக்கின்றன, காசு எதுவும் வேண்டாம், எந்த மரம் என்று கீழே சரியாகப் போட்டால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர் ஒருவர்